மூன்று டாக்டரும் ஒரு ஜன்னலும்

“உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்” என்று கைபேசி சொன்னதும் இன்னாசிமுத்து சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

“மேரி, இதுலயும் க்யூ கீது பாரு.”

அவர் மனைவி சகாயமேரி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “முன்னாடி இருக்கிற ரெண்டு பேரும் எங்க உக்காந்துகினு இருக்காங்க?”

“அவங்கவங்க வீட்ல. தமிழ்நாட்டுக்குள்ள எங்க இருந்தாலும் சரி, எந்த ஊரு டாக்டரும் பாப்பாங்களாம்.”

சகாயமேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டுமென்று வாசலை ஒருமுறை பெருக்கிவிட்டு வந்தாள்.

விஷயம் ஒரு கட்டைவிரல்தான். பத்து நாளாக வலது கட்டைவிரல் மரத்துப் போகிறது. ஆனால் தறியில் ஊடைநூல் நாடாவை இப்படியும் அப்படியும் ஓட்டுவது அந்தக் கை. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கல்யாணப் புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும். டாக்டர் ‘தறியை விட்டு இறங்கு’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் இன்னாசிமுத்து பத்து நாளை ஓட்டியிருந்தார்.

வீட்டில் சிக்னல் கிடைப்பது கிழக்கு ஜன்னலோரம் மட்டும். அங்கே பெஞ்சைப் போட்டு, எதிரே ஸ்டூல் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்திருந்தார்.

திரையில் திருநெல்வேலியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். இன்னாசிமுத்து சட்டென்று எழுந்து நின்றார். டாக்டருக்குத் தெரிந்தது வயிறு மட்டும்.

“உக்காருங்க ஐயா. வெயில் கண்ணைக் கூசுது, முகமே தெரியல. ஜன்னலுக்கு எதையாவது மறைப்பு போடுங்க.”

சகாயமேரி கொடியில் கிடந்த லுங்கியை எடுத்தாள். இன்னாசிமுத்து கண்ணாலேயே அதட்டினார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கும் டாக்டருக்கு லுங்கியையா காட்டுவது? பட்டு நெய்கிற வீடு என்று எப்படித் தெரியும்? போன வாரம் அறுத்து வைத்த மாம்பழ மஞ்சள் புடவை ஜன்னலில் ஏறியது. ஒற்றையாக விரித்துத் தொங்கவிட்டதில் வெயில் அடங்கி வெளிச்சம் பதமாக வந்தது.

டாக்டரம்மா கையை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னார். “மணிக்கட்டு நரம்புல அழுத்தம் மாதிரி தெரியுது. பட்டை ஒண்ணு போட்டுக்கோங்க. அரை மணிக்கு ஒருதரம் கைக்கு ஓய்வு குடுங்க. தறி ஓட்டலாம்.”

இன்னாசிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு ஆரணியில் ஓடும் நரம்பைப் பார்த்துவிட்டாரே என்று மலைத்துப்போனார். அதோடு கும்பிட்டு எழுந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

“இருங்க,” என்றார் டாக்டரம்மா. “கண்ணை இன்னும் கிட்டக்க காட்டுங்க. மஞ்சளா இருக்கே. எத்தனை நாளா இருக்கு?”

சகாயமேரி குனிந்து பார்த்தாள். “ஆமாங்க. இத்தினி நாளு கூடவே இருக்கேன், எனக்குத் தெரியல. டாக்டர் சொன்னப்புறம்தான் தெரியுது.”

முகம் பார்க்கும் கண்ணாடி வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே பார்த்தார். மஞ்சள்தான்.

“ரத்தம் குடுத்துப் பாக்கணும். அரை மணியில கல்லீரல் டாக்டர் ஒருத்தர் மதுரையிலேருந்து பேசுவார். மஞ்சக்காமாலைன்னு உறுதியானா ஒரு மாசமாவது ஓய்வு வேணும்.”

ஒரு மாசம். வெள்ளிக்கிழமைக்கு இருப்பது நாலு நாள்.

சகாயமேரி ஓடிப்போய்க் கீழாநெல்லி பறித்து அரைத்துக் கொடுத்தாள். இன்னாசிமுத்து அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். மதுரையிலிருந்து வருவது பெரிய டாக்டர். திருநெல்வேலிக்குக் காட்டிய புடவையையே அவருக்கும் காட்டுவது மரியாதையாகப் படவில்லை.

“உன் கல்யாணப் புடவைய எடு.”

மாதா கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த அரக்குச் சிவப்புப் புடவை பெட்டியிலிருந்து இறங்கி ஜன்னலில் ஏறியது.

மதுரை டாக்டர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். “மஞ்சள் எதுவும் தெரியலையே.”

சகாயமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். “அந்தம்மா பாத்த பார்வையிலயே காமாலை ஓடிப்போச்சுங்க.”

“ஆனா முகம் ஏன் இப்படிச் செவந்திருக்கு? கண்ணு, காது எல்லாம். பிரஷர் பாத்திருக்கீங்களா? நெஞ்சு படபடன்னு இருக்கா?”

அதுவரை இல்லாத படபடப்பு அந்தக் கேள்வியோடு வந்து சேர்ந்தது. “இருக்குதுங்க,” என்றார் இன்னாசிமுத்து உண்மையாகவே.

“அப்படியே உக்காந்திருங்க. சென்னையில இதய டாக்டரைப் பிடிக்கிறேன்.”

ஒரு காலைக்குள் திருநெல்வேலி, மதுரை, சென்னை. பஸ் ஏறினால் மூன்று நாள் ஆகும். ஒவ்வொரு டாக்டரும் முகத்தைப் பார்த்தே புதிதாக ஒன்று கண்டுபிடித்தார். நெஞ்சு அடித்துக்கொண்டாலும் இன்னாசிமுத்துவுக்கு வியப்பு அடங்கவில்லை. இத்தனை வியாதியோடு இத்தனை நாள் தறி ஓட்டியிருக்கிறோமே என்று தன்மீதே ஒரு மரியாதை வந்தது.

சென்னைக்கு ஏற்ற புடவை வீட்டில் ஒன்றுதான் இருந்தது. உடம்பு முழுக்கச் சரிகைப் புட்டா போட்ட ஆனந்தா நீலம். அதை அவர் கைபடத் தொங்கவிட்டார்.

சென்னை டாக்டர் பார்த்த மாத்திரத்தில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“உதடு நீலமா இருக்கு. நகமும் நீலம். அம்மா, உடனே 108க்குப் போன் பண்ணுங்க. ஐயா, இருந்த இடத்தை விட்டு அசையாதீங்க.”

சகாயமேரி பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ப் போன் செய்துவிட்டு வந்தாள். இன்னாசிமுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தறியில இன்னும் ஒன்றரை முழம்தான் பாக்கி. பக்கத்துத் தறி வின்சென்ட்ட விட்டு நெய்யச் சொல்லு. முந்தானைய மட்டும் அவன்கிட்ட குடுக்காத, கெடுத்துடுவான்.”

“நீங்களே நெய்வீங்க, பேசாம இருங்க,” என்று அழுதாள் சகாயமேரி. இருபத்தாறு வருஷத்தில் அவர் கையை அவள் இவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை.

வண்டி ஜல்தியாகவே வந்துவிட்டது. மருத்துவ உதவியாளர் கோகுல்ராஜ் பெட்டியோடு ஓடிவந்து, அவர் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கருவியை மாட்டினார். தொண்ணூற்றொன்பது காட்டியது. பிரஷர் பார்த்தார். சரியாக இருந்தது. கருவியைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டினார். மறுபடியும் தொண்ணூற்றொன்பது.

“டாக்டர், மெஷின்ல எல்லாம் கரெக்டா கீது. ஆளுதான் நீலமா கீறாரு. எனக்கு ஒண்ணும் புரியல.”

“நீங்க பக்கத்துல உக்காந்து கேமராவைக் கிட்டக்கக் காட்டுங்க,” என்றார் சென்னை டாக்டர்.

கோகுல்ராஜ் இன்னாசிமுத்துவை ஒட்டிப் பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியை நீட்டினார். திரையில் டாக்டரின் முகம் மாறியது.

ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்த டிரைவர் இராஜமாணிக்கம், பெஞ்சில் இருந்த இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

“கோகுலு, உன் உதடும் நீலமா கீது. ரெண்டு பேரையும் வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி, அந்த ஜன்னல்ல தொங்குற புடவைய ஒருதரம் எடுத்துப் பாக்கலாமா?”