சிக்னல் கேட்ட வானம்

சூரியன் அஸ்தமிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது.

கோளரங்கத்தின் குவிந்த கூரையில், மேற்கு ஓரத்தில், அது ஆரஞ்சு நிறத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. இந்நேரம் இறங்கியிருக்க வேண்டும். இருட்டியிருக்க வேண்டும். முதல் நட்சத்திரம் முளைத்திருக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையின் சின்னக் கண்ணாடி வழியே சிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிட்டு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். வேலை, மென்பொருள் எழுதுவது. வானக் காட்சியை ஆளே இல்லாமல் தொடக்கம் முதல் முடிவு வரை தானே நடத்தும் புரோகிராமை அவள்தான் எழுதியிருந்தாள். இன்று அதற்குப் பரீட்சை. நிர்வாகக் குழு மொத்தமும் உள்ளே சாய்வு நாற்காலிகளில் அண்ணாந்து கிடந்தது. புரோகிராம் தேறிவிட்டால் இனி கோளரங்கத்துக்குப் பேச்சாளர் தேவையில்லை.

இத்தனை வருஷமாக உள்ளே மேசையருகே இருட்டில் நின்று, வானத்தைக் கையால் சுழற்றி ஊருக்கே சொல்லிக்கொடுத்த அந்தப் பேச்சாளர் வேறு யாருமல்ல, சிட்டுவின் நாத்தனார். கணவனுக்கு மூத்தவள். ஒரே வீடு, ஒரே சமையலறை.

"என் குரலைப் பதிவு பண்ணிக்கிட்டு என்னையே வெளியே அனுப்புற பாரு, அதுக்கு ஒரு தனித் திறமை வேணும்" என்றாள் நாத்தனார், விஷயம் தெரிந்த அன்று.

"நான் எழுதலேன்னா வேற யாராவது எழுதப்போறாங்க அண்ணி."

"அந்த வேற யாராவதுகிட்ட நான் தினமும் உப்பு டப்பா எடுத்துத் தர வேண்டியிருக்காதுல்ல?"

அதோடு சரி. அதன்பின் இருவருக்கும் நடுவில் உப்பு டப்பா மட்டும்தான் நகர்ந்தது, பேச்சு நகரவில்லை. இன்றைக்கும் நாத்தனார் வந்திருந்தாள். கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ போல உட்கார்ந்திருந்தாள்.

"நின்னுபோச்சா மேடம்?" என்றார் பக்கத்திலிருந்த விளக்கு மெக்கானிக்.

"நிக்கலை. எங்கேயோ மாட்டிக்கிட்டு முழிக்குது. ஒரு சிக்னல் குடுத்தா சரியாயிடும்."

"ரயிலுக்குக் குடுப்பாங்களே, அதுவா?"

"ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராமோட தோளைத் தட்டுற மாதிரி. எந்த வேலையில இருந்தாலும் அப்படியே விட்டுட்டுத் திரும்பிப் பார்க்கும். எந்தத் தட்டுக்கு என்ன செய்யணும்னு நாம சொல்லி வெச்சிருப்போம். ஒரு தட்டுக்கு நிறுத்து, ஒரு தட்டுக்கு தொடரு, ஒரு தட்டுக்கு மூட்டை கட்டு."

'விட்ட இடத்திலிருந்து எழுந்திரு' என்ற தட்டைத் தட்டினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சூரியன் ஒருமுறை குலுங்கி, கை நழுவிய பந்து மாதிரி தொப்பென்று இறங்கிவிட்டது.

"இன்னைக்கு சூரியனுக்கு வீட்டுல ஏதோ அவசர வேலை போல" என்றது ஒலிபெருக்கியில் நாத்தனாரின் குரல். உள்ளே கொல்லென்று சிரிப்பு.

சிட்டு திகைத்தாள். "இது பதிவுல இருந்துதா?"

"நீங்கதானே மேடம் பதிவு பண்ணீங்க?"

"பண்ணினேன். முழுசா எங்க உட்கார்ந்து கேட்டேன்!"

நட்சத்திரங்கள் வந்தன. வந்தவை நிற்கவில்லை. தள்ளாடித் தள்ளாடி மேற்கே நகர்ந்துகொண்டே இருந்தன. குழுத் தலைவருக்குத் தலை சுற்றினால் கதை கந்தல். திரையில் ஓடும் புரோகிராம்களின் பட்டியலைப் பார்த்தாள். அவளுடைய புரோகிராமின் பெயர் ஜம்மென்று இருந்தது. 'நிறுத்தி வை' என்று தட்டினாள்.

வானம் நிற்கவில்லை. இன்னும் ஒரு சுற்று சுற்றி, அவள் புரோகிராமில் எங்குமே எழுதாத ஒரு திசைக்குப் போய்ச் சேர்ந்தது.

"இப்போ நாம நடுக்கடல்ல ஒரு கப்பல்ல இருக்கோம்" என்றது குரல். "கரை தெரியலை. திசை காட்ட ஆள் இல்லை. கவலைப்படாதீங்க. மேல பாருங்க. வழி கேட்டவங்களை வானம் இதுவரைக்கும் அலைய விட்டதில்லை."

உள்ளே சிரிப்பு அடங்கியது. நாற்காலிகளின் கிரீச் சத்தம்கூட இல்லை.

"என்ன மேடம், நிறுத்துன்னா கப்பல்ல ஏத்திவிடுது?" என்றார் மெக்கானிக்.

"தெரியலையே!" சிட்டுவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நான் இப்படி எழுதவே இல்லை."

"உள்ளே போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா?"

"கதவைத் திறந்தா வெளிச்சம் புகுந்துடும். மொத்தமும் பாழ்."

மெக்கானிக் வானத்தைக் கூரையில் காட்டும் விளக்கின் சூட்டு முள்ளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரொம்ப நேரம் தாங்காது. சீக்கிரம் முடிச்சுடுங்க."

அவள் மரியாதையாகவே கேட்டுப் பார்த்தாள். 'கையில் உள்ளதை ஒழுங்காக முடித்துவிட்டுக் கிளம்பு' என்று ஒரு சிக்னல் உண்டு. நல்ல புரோகிராம் அதைக் கேட்டதும் திறந்ததை மூடி, எடுத்ததை வைத்துவிட்டு விடைபெறும். அதைத் தட்டினாள்.

அத்தனை விளக்கும் பொசுக்கென்று அணைந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கன்னங்கரிய இருட்டு. சிட்டு தலையில் கை வைத்துக்கொண்டாள். முடிந்தது. வேலையும் போச்சு, மானமும் போச்சு.

"பயப்படாதீங்க" என்றது குரல், முன்னைவிடத் தணிந்து. "இருட்டுன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம் இல்லை. உங்க கண்ணு இன்னும் தயாராகலைன்னு அர்த்தம். கொஞ்சம் பொறுங்க. நட்சத்திரத்துலேருந்து வெளிச்சம் கிளம்பினப்போ நம்ம தாத்தாவுக்குத் தாத்தாகூடப் பிறக்கலை. அவ்வளவு தூரம் நடந்து வந்ததுக்காக நாம ஒரு நிமிஷம் காத்திருக்கக் கூடாதா?"

பிறகு ஒன்று தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. யாரோ இருட்டை மெல்ல மெல்ல விலக்குவது போல வானம் ஆழமாகிக்கொண்டே போனது. கடைசியில் கூரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பால்வெளி, பொடித்த வெளிச்சமாக விரிந்து கிடந்தது. கூரை இருந்த இடத்தில் கூரை இல்லை. உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. அத்தனை பேரும் சேர்ந்து விட்ட ஒரே மூச்சு.

சிட்டுவுக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தக் காட்சியின் ஒவ்வொரு வரியையும் தட்டெழுதியவள் அவள். இது அதில் இல்லை. தட்டத் தட்ட ஒன்று உள்ளே விழித்துக்கொண்டு, அவள் கேட்டதைத் தராமல், அவளுக்குக் கேட்கத் தெரியாததைத் தந்துகொண்டிருந்தது.

"மேடம், விளக்கு!"

இனி ஒன்றுதான் பாக்கி. கடைசி சிக்னல். மற்றவற்றைப் புரோகிராம் வாங்கிக்கொள்ளலாம், காதில் விழாதது போல இருந்துவிடலாம். இதை முடியாது. இதில் புரோகிராமைக் கேட்பதே கிடையாது. கணினியை ஆளும் இயங்குதளமே நேரே வந்து கழுத்தைப் பிடித்துத் தூக்கிவிடும். இதற்குத் தப்பிய புரோகிராம் உலகத்தில் இல்லை.

"வேணாம் மேடம், பாவம். நல்லா பேசிக்கிட்டிருக்கு" என்றார் மெக்கானிக், விளக்கை மறந்து.

"மன்னிச்சுக்கோ" என்று திரையிடம் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள்.

கண்ணைத் திறந்தபோது பால்வெளி அங்கேயேதான் இருந்தது.

"சரி, சரி, புரியுது" என்றது குரல். "எந்த ராத்திரியும் விடியாம இருந்ததில்லை."

கிழக்கு வெளுத்தது. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. சூரியன், அவசரமே இல்லாமல், நிதானமாக எழுந்து வந்தது. பட்டியலில் புரோகிராமின் பெயர் அப்படியே இருந்தது. எமனிடம் போய்விட்டு வந்து விடியலைக் காட்டுகிறது! சிட்டு தன்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். மெக்கானிக் தொப்பியைக் கழற்றினார்.

உள்ளே கைதட்டல் இடி மாதிரி எழுந்தது.

சற்று நேரத்தில் குழுத் தலைவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார். "ஏம்மா, நான் அழுது எத்தனையோ காலம் ஆச்சு. இயந்திரத்துக்கு இவ்வளவு மனசா? இனிமே பேச்சாளர் எதுக்கு? இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடுறேன்."

"நான் ஒண்ணும் செய்யலை சார்" என்றாள் சிட்டு. "சாகடிக்கிற சிக்னலே குடுத்தேன். சாகலை. நீங்களே பாருங்க, பேரு அப்படியே..."

விரல் திரையில் பாதியில் நின்றது. பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தாக ஒரு குறி. பதற்றத்தில் அவள் அதைக் கவனித்திருக்கவே இல்லை. குனிந்து படித்தாள்.

"என்னம்மா?"

"இது... செத்துப்போச்சு சார். புரோகிராம் செத்தா, அதைப் பெத்த தாய் புரோகிராம் அந்தச் சேதியை வாங்கிக்கிற வரைக்கும் பேரு மட்டும் பட்டியல்ல இருக்கும். செத்ததை மறுபடி சாகடிக்க முடியாது. அதான் அசையலை. முதல் தட்டுலயே போயிருக்கு. அந்தத் தட்டுக்கு என்ன செய்யணும்னு நான் எழுத மறந்துட்டேன். எழுதலேன்னா அது உயிரை விட்டுடும்."

"முதல் தட்டுன்னா?"

"சூரியன் இறங்குறதுக்கு முன்னாடியே."

தலைவர் கண்ணாடி வழியே வெறும் கூரையைப் பார்த்தார். "அப்போ இவ்வளவு நேரம் நாங்க பார்த்தது?"

கதவருகே, அடுத்த காட்சிக்கு ஆட்களை விடலாமா என்று கேட்க வந்து நின்றிருந்த டிக்கெட் கிழிக்கும் அம்மா, இது ஒரு கேள்வியா என்பது போல அவர்களைப் பார்த்தாள்.

"நீங்க இங்கேருந்து தட்டத் தட்ட உள்ளே அந்தப் பேச்சாளர் மேசையில மணி அடிச்சுது, கடைசி வரிசையிலேருந்து உங்க அண்ணி இருட்டுல தடவித் தடவி ஓடிப்போய், மணி அடிக்கிறப்பல்லாம் 'ஐயோ, எங்க சிட்டு மாட்டிக்கிட்டாளே'ன்னு முணுமுணுத்துக்கிட்டே வானத்தைக் கையாலயே சுத்தி, மைக்கைப் பிடிச்சுப் பேசினாங்களே!"