சிலோன் காக்கா

"அந்தா, செவப்புக் காலோட நிக்குதே, அது என்ன குருவி?" என்று கேட்டார் ஈஸா முதலாளி.

மார்கழிக் குளிரிலும் தாணுலிங்கத்துக்கு முதுகு வேர்த்தது. உப்பளத்துத் தண்ணீரில் நின்ற அந்தப் பிராணியை அவர் ஜென்மத்தில் கண்டதில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லலாமா? நேற்று சக குமாஸ்தா பிச்சையாவை முதலாளி இதே இடத்துக்குத்தான் அழைத்து வந்தார். முதல் குருவிக்கே அவர் "தெரியாது முதலாளி" என்றாராம். அப்போதே முதலாளி அவரை ஆபீஸுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். மனுஷன் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போனார். பயத்தில் வயிற்றுவலி என்று ஆபீஸே பரிதாபப்பட்டது.

சங்கு மூட்டைகளை அடுக்கிப் பூட்டி வைக்கும் கிட்டங்கியின் பொறுப்பு யாருக்கு என்பதுதான் விஷயம். பழைய கணக்கப்பிள்ளை, ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து சொந்த ஊருக்கு ஓடிவிட்டார். மிச்சம் இந்த இரண்டு குமாஸ்தாக்கள். தாணுலிங்கத்தின் மனைவி வடிவம்மாளோ வேலை கிடைத்துவிட்டதாகவே தெரு முழுக்கச் சொல்லி, கருப்பட்டிப் பாயசமும் கொடுத்தாயிற்று. கொடுத்த பாயசத்தைத் திருப்பி வாங்க முடியுமா?

"தாசில்தார்க் குருவி, முதலாளி. நடையைப் பாத்தியளா?"

"ஓஹோ," என்றார் முதலாளி, பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே.

நாலு பாத்தி தள்ளி இன்னொரு சிவப்புக் கால். "அது?"

தாணுலிங்கத்துக்கு முன்பு சொன்ன பெயர் மறந்து தொலைத்தது. "முன்சீப்புக் குருவி, முதலாளி."

"சித்த முன்னால தாசில்தாருன்னீரே வேய்."

"அது ஆணு. இது பொண்ணு, முதலாளி."

"அப்ப அங்கன கூட்டமா நிக்கது?"

நாக்கில் சனி உட்கார்ந்திருந்தான். "அதுக... சம்பந்தி வீட்டாரு, முதலாளி."

வில்வண்டிக்காரன் சுடலைமாடன் மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினான்.

கடைசியில் உப்புக் குவியல் மேல் இருந்த ஒன்றை முதலாளி காட்டினார். கறுப்பாக இருந்தது. காக்கை போலவே இருந்தது. காக்கைக்குப் போய் எந்த முதலாளியாவது பெயர் கேட்பாரா? இதில் ஏதோ சூது இருக்கிறது என்று தாணுலிங்கம் நடுங்கினார்.

"சிலோன் காக்கா, முதலாளி. மார்கழிக்கு மட்டும் கடல் தாண்டி வரும்."

"கா," என்றது அது.

"சத்தம் நம்ம ஊருச் சத்தமால்லா இருக்கு?"

"வந்த இடத்துல பழகிட்டு, முதலாளி."

முதலாளி தாடியைத் தடவினார். "சுடலை, இவரை வீட்டுல விட்டுட்டு வா. நான் இன்னும் சித்த நேரம் பாக்கணும்."

வண்டி உப்பளம் தாண்டியதும்தான் தாணுலிங்கத்துக்கு மூச்சு வந்தது. தப்பித்தோம் என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"ஏலே சுடலை, பாத்தியா? ஒரு குருவிக்காவது தெரியாதுன்னு சொன்னேனா? கிட்டங்கி நமக்குத்தாம்லே."

சுடலைமாடன் மாட்டைத் தட்டினான். "முதலாளிக்கு எல்லாக் குருவியும் தெரியும் அண்ணாச்சி. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுத ஆளு வேணும்னு தேடித்தான் நேத்து வந்தாரு. இன்னைக்கு சும்மா பொழுதுபோக்குக்கு வந்தது."

"நேத்தா? நேத்து என்னலே?"

"பிச்சையா அண்ணாச்சி மடியில பிடிச்சிட்டுப் போனது வயித்துவலி இல்ல அண்ணாச்சி, கிட்டங்கிச் சாவி."