கண் வைக்காத காகம்

கொழும்புப் பறவைகள் பூனைக்குப் பயப்படாமல் இருந்திருக்கலாம். எங்கள் கண்ணாடி மாஸ்டருக்குப் பயப்படாத பறவை ஒன்றுகூட இருந்திருக்காது. வெள்ளவத்தையில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்தார். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை.

பறவைப் படம் கீறுவதுதான் அவர் தொழில். சிறகு சிறகாக, நகம் நகமாக அளவெடுத்து முடிப்பார்; கண்ணை மட்டும் வெள்ளையாக விடுவார். கடைசியில் பறவைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கைக்கண்ணாடியில் அதைப் பார்த்துக் கண் வைப்பார்.

"நேரே பார்த்தா என்ன மாஸ்டர்?"

"சிலைக்குக் கண் திறக்கிறவன் நேரே பார்க்கிறவனோ தம்பி?"

கண் வைத்த பறவையைப் பிறகு யாரும் கண்டதில்லை. வாய்க்கால் மீன்கொத்தி போனது. பாமன்கடை மாமரத்துக் குக்குறுவானும் போனது. கீழ்வீட்டு அன்ரி மட்டும் சந்தோஷமாக ஏறி வந்தார். "மாஸ்டர், என்ரை உடுப்புக் கொடியிலை எச்சம் போடுற புறாவளையும் ஒருக்காக் கீறிவிடுங்கோ!"

கீறினார். அடுத்த நாள் ஒரு புறாவும் இல்லை. அன்ரி அதற்குப் பிறகு மாடிப்படி ஏறவேயில்லை.

என் மாமனாருக்கு இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்தில் ஒரு கால் போனது. பிறகு அவரும் போனார். அந்த வருடமே நாங்கள் ஜன்னலில் வைக்கும் சனிக்கிழமைச் சோற்றுக்கு ஒற்றைக்கால் காகம் ஒன்று வரத் தொடங்கியது. மனைவி அதை "அப்பா" என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு சனிக்கிழமை, மேலிருந்து ஒரு வெளிச்சப் பொட்டு சுவரில் ஊர்ந்து வந்து காகத்தின் மேல் நின்றது. கண்ணாடி!

"இஞ்சேருங்கோ, ஓடுங்கோ! அப்பாவுக்குக் கண் வைக்கப் போறார்!"

எதையும் நம்பாத நான் மும்மூன்று படியாகத் தாவி ஏறினேன். தாளில் காகம் முடிந்திருந்தது. கண்ணுக்கு ஒரு விரல் தூரத்தில் தூரிகை.

"மாஸ்டர், வேண்டாம்! அது என்ரை மாமா!"

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் காகத்தை இன்னொருமுறை பார்த்தார். பிறகு தூரிகையைத் தண்ணீரில் போட்டார். "முதலே சொல்லியிருக்கலாமே தம்பி."

போன மழைக்கு மாஸ்டர் இறந்தார். வீட்டுச் சாமான்களை ஒதுக்க வந்த அவருடைய சொந்தக்காரர் ஒருவர் அந்தப் படத்தை எங்களிடம் தந்தார். கண் வெள்ளையாகவே இருந்தது. பறவையின் பெயர் எழுதும் இடத்தில் பொடி எழுத்தில்: "காகம், ஆண். கீழ்மாடித் தம்பியின் மாமா."

இப்போது சனிக்கிழமைகளில் இரண்டு காகங்கள் வருகின்றன. இரண்டாவது எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியில் சோற்றைப் பார்க்கிறது. மனைவிக்கு இன்னும் அதற்குச் சோறு வைக்கப் பயம். எனக்கு இல்லை, மேல்மாடி வெறுமையாகக் கிடப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதனால் அந்தப் பங்கை நானே வைக்கிறேன், கொஞ்சம் நெய் கூட விட்டு, நேரே பார்க்காமல்.