பலூனுக்குப் பொருந்தாத வயிறு

டாக்டர் கேள்வி கேட்டால், அவரிடம் நல்ல பெயர் வாங்குவதற்காகப் பதில் சொல்லக் கூடாது. இந்தச் சின்ன விஷயம் எனக்கு விளங்க நாற்பத்திரண்டு வயதாயிற்று.

அப்போது என் எடை நூற்றுப் பத்தொன்பது கிலோ. கீரமங்கலத்தில் உரக்கடை வைத்திருந்தேன். மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்திருப்பேன். (எடை மிஷின் கடையிலேயே இருந்தது. நான் மட்டும் அதில் ஏற மாட்டேன்.)

என் தங்கை கலாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் அவள் வீட்டுக்காரர் முருகேசன் புதுக்கோட்டைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவார். அவளுக்கும் எனக்கும் ஒரே ரத்த வகை. ஒன்றை நான் தருகிறேன் என்று வீராப்பாகக் கிளம்பினேன். கிட்னி டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முதலில் இருபத்தைந்து கிலோ குறைத்துவிட்டு வரச் சொன்னார்.

மறுநாளே பேராவூரணி ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். முழங்கால் மறுத்தது. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நடந்தேன். ஆறு மாதம் தினமும் இரண்டு மாத்திரை. குறைந்தது மூன்று கிலோ. (நடந்தால் பசிக்காதா?)

அப்போதுதான் வயிற்றுக்குள் வைக்கும் பலூனைப் பற்றிக் கேள்விப்பட்டேன். வாய்வழியாக இரைப்பைக்குள் விட்டு, உப்புத் தண்ணீர் நிரப்பிவிடுவார்களாம். கொஞ்சம் தின்றாலே வயிறு நிறைந்துவிடுமாம். ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்களாம். முருகேசனை இழுத்துக்கொண்டு திருச்சிக்குப் போனேன்.

அங்கிருந்த டாக்டரம்மா நிறையக் கேட்டார். முன்பு வயிற்றில் ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கிறதா, வயிற்றுப்புண் உண்டா, தினமும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றெல்லாம். போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் நிற்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி, எல்லாவற்றுக்கும் "இல்லைங்க" என்றேன். மறுநாள் காலை வெறும் வயிற்றோடு வரச் சொன்னார். முதலில் உள்ளே கேமரா விட்டுப் பார்க்க வேண்டுமாம்.

மறுநாள் காலை பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் எனக்குப் பசியும் வந்துவிடும். பாத்ரூம் போய்வருகிறேன் என்று முருகேசனிடம் சொல்லிவிட்டு, எதிர் ஹோட்டலில் ஒரு பொங்கல், ஒரு வடை. (பொங்கல் குழைவாகத்தானே இருக்கும், கேமராவுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன்.)

ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் வளையத்தைக் கடிக்கச் சொல்லி, குழாயை விட்டார்கள். எதிரே டிவியில் என் இரைப்பை. நடுவில் ஒரு முழு மிளகு.

டாக்டரம்மா உடனே குழாயை எடுத்துவிட்டார். சாப்பாடு மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று கண்டித்தார். முருகேசனைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார்.

அடுத்த நாள் நிஜமாகவே பட்டினி கிடந்து போனேன். மிளகு இல்லை. புண் இருந்தது, இரண்டு இடத்தில். அப்போதுதான் மாத்திரைக் கதையைச் சொன்னேன்.

"பலூன் நல்லதுதாங்க. ஆனா குண்டா இருக்கிற எல்லாருக்கும் அது பொருந்தாது. ஒங்க வயித்துல இப்ப வச்சா, புண்ணுல ரத்தம் கசிஞ்சுரும். அந்த மாத்திரை கிட்னியையும் கெடுக்கும். ஒங்களுக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. தங்கைக்குத் தர வேண்டிய கிட்னிக்கு ஆறு மாதமாக நானே விஷம் வைத்திருக்கிறேன்.

பஸ்ஸில் முருகேசன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கலாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அவள், ஊசி குத்தித் தடித்துப்போன கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"கிட்னி இருக்கான்னு பாக்கப் போனா, எங்கண்ணன் மிளகு வச்சிருந்துச்சாம்" என்று அடுத்த டயாலிசிஸில் நர்ஸிடம் சொல்லியிருக்கிறாள். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் சொல்லியிருக்கிறாள்.

புண் ஆற மருந்து சாப்பிட்டேன். வாயைக் கட்டினேன். பதினோரு கிலோ குறைந்திருந்தபோது கலாவுக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி என்றார்கள். நான்காம் நாள் போய்விட்டாள்.

போன மாதம் அவள் மகள் நிவேதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பேச்சில்லாமல் எல்லோரும் மிக்சரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நிவேதா இந்தக் கதையை எடுத்துவிட்டாள். அவள் அம்மாவைப் போலவே கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. முருகேசன்கூடச் சிரித்தார்.

"எங்க மாமா தின்னது மூணு வடை" என்றாள்.

ஒரு வடைதான் என்று நான் மெல்லச் சொன்னேன்.

"இல்ல மாமா, அம்மா மூணுன்னுதான் சொல்லும்."

சரி, மூன்றுதான் என்று ஒப்புக்கொண்டேன்.