லப்டொப்புக்கு நெற்றி எது?

கொழும்பு மாநகரில் முடிவெடுக்க முடியாதவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியிருந்தால், அதன் ஆயுட்காலத் தலைவராக யோசிப்பம் அண்ணையைத்தான் போட்டிருப்பார்கள். பதவியை ஏற்பதா விடுவதா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் சங்கம் கலைந்திருக்கும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடி அறையில், நானும் அவரும் சில காலம் வாடகைக்குப் போடிங் இருந்தோம். அந்தச் சொந்தப் பெயரைச் சொல்லி ஒழுங்கையில் விசாரித்தால் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றுதான் பதில் வரும். எதைக் கேட்டாலும் அவர் சொல்வது ஒரே சொல் என்பதால் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

"அண்ணை, மழை வருது. உடுப்பை எடுப்பமோ?"

"யோசிப்பம்."

உடுப்பெல்லாம் தெப்பமாக நனைந்த பிறகு கொடியைப் பார்த்துச் சொல்வார்: "எடுத்திருக்கலாம்."

காலையில் வேலைக்குப் போக காலி வீதியில் நிற்பார். 100ஆம் பஸ்ஸும் புறக்கோட்டைக்குத்தான் போகும், 101ஆம் பஸ்ஸும் புறக்கோட்டைக்குத்தான் போகும். எதில் ஏறுவது என்று யோசித்து இரண்டையும் விட்டுவிடுவார். கடைசியில் யாராவது ஒரு கொண்டக்டர் மனமிரங்கி, தோளில் பிடித்து உள்ளே இழுத்துப் போடுவார். மாலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கும் ஓட்டோ வரும். மீன் பணிஸா, சீனிச்சம்பல் பணிஸா என்று அண்ணை யோசிக்க, பாட்டு அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடுவார். ஓடிப் பிடித்து, அங்கே நின்று முதலிலிருந்து யோசிக்கத் தொடங்குவார்.

நாற்பதைத் தாண்டியும் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாரும் அவரை வேண்டாம் என்று சொன்னதில்லை. இவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வந்த பெண்களுக்கெல்லாம் வேறிடத்தில் கல்யாணமாகிவிட்டது. அப்படிப் போன ஒரு பெண்ணின் பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள் என்று இவருக்கே அழைப்பு வந்தது. போவதா விடுவதா என்று அதையும் யோசித்தார்.

இனி லப்டொப்புக்கு வருகிறேன். அது அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வாங்கியது. திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. பிணைச்சல் உடைந்துவிட்டதால் திரைக்குப் பின்னால் ஒரு பால்மா டின் முட்டுக் கொடுத்திருந்தது. பற்றரி செத்துப்போய்க் கனகாலம். வயரை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைத்து, மேலே ஒரு பழைய சப்பாத்தை ஏற்றி வைத்தால்தான் கரண்ட் போகும். மேசை சற்று அசைந்தாலும் எல்லாம் அணைந்துவிடும் என்பதால் அந்த மேசைப் பக்கம் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடப்போம். சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்து, சாமி கும்பிட்டு, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தால் அப்போதுதான் அது மெல்லக் கண் விழிக்கும். அதன் காற்றாடி போடும் சத்தத்தைக் கேட்டு, நாங்கள் மேலே தேங்காய் அரைத்துச் சமைக்கிறோம் என்று வீட்டுக்கார அன்ரி ஒருமுறை சண்டைக்கே வந்துவிட்டார்.

இதற்கு உள்ளே கொஞ்சம் புதுச் சாமான் போட்டுத் திருத்துவதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா? இந்தக் கேள்வியோடு அண்ணை நான் போடிங்குக்கு வருமுன்பே வாழ்ந்துகொண்டிருந்தார். எனக்குக் கொம்பியூட்டர் தெரியும் என்று யாரோ அவரிடம் கோள் மூட்டிவிட்டார்கள்.

"தம்பி, திருத்தினா நல்லதோ, புதுசு வேண்டினா நல்லதோ?"

"புதுசு வேண்டுங்கோ அண்ணை."

"பழசை என்ன செய்யிறது? இவ்வளவு காலம் உழைச்சது."

"அப்ப திருத்துங்கோ."

"திருத்தினாலும் பழசு பழசுதானே."

இந்த உரையாடலை நாங்கள் தினமும் பல் விளக்கும்போது நடத்தினோம்.

அந்தச் சமயத்தில்தான் குமுதினியின் சம்பந்தம் வந்தது. பெண் வவுனியா. களுபோவில ஆஸ்பத்திரியில், கண் வார்டில் நர்ஸ். வெள்ளவத்தையிலிருந்து களுபோவிலைக்கு பஸ்ஸில் எட்டிப்பிடிக்கும் தூரம். ஆனால் பெண்ணின் அண்ணன் ரொறன்ரோவில், மாப்பிள்ளையின் அக்கா டென்மார்க்கில். அவர்கள் இருவரும் இல்லாமல் பெண் பார்ப்பது எப்படி? ஆகவே இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இருவரும் வீடியோ கோலில் சந்திப்பதென்று முடிவானது. சரஸ்வதி பூசை கழிந்து வரும் ஞாயிறு என்று நாளும் குறித்தார்கள்.

அண்ணையிடம் இருந்தது பொத்தான் போன். எந்த ஸ்மார்ட் போன் வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். என்னுடையதைத் தருகிறேன் என்றேன்.

"மற்றவன்ர போனில பெண் பாக்கிறது முறையோ தம்பி?"

முறை என்று வந்துவிட்டால் அவரை அசைக்க முடியாது. லப்டொப்தான் என்று ஆனது.

இடையில் பூசை வந்தது. வீட்டுக்கார அன்ரி இந்த விஷயத்தில் ஒன்றையும் விடமாட்டார். ஃப்ரிட்ஜ், ரைஸ் குக்கர், தையல் மெஷின், இன்டர்நெட் பெட்டி, தண்ணீர் மோட்டரின் சுவிட்ச் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு விழும். மேலே உள்ள சாமான்களுக்கு எங்களையே வைக்கச் சொல்லி, கிண்ணத்தில் சந்தனம் குழைத்துத் தந்துவிட்டார். நான் என் புத்தகங்களுக்கு வைத்தேன். அண்ணை விரல் நுனியில் சந்தனத்தோடு லப்டொப்பின் முன்னால் உட்கார்ந்தார்.

"தம்பி, லப்டொப்புக்கு நெத்தி எது?"

இன்றைய பொழுது போயிற்று என்று நான் துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் புறப்பட்டேன். ஆனால் நான் வாசலைத் தாண்டுமுன் அவரே பதிலும் சொல்லிவிட்டார்.

"மேல நடுவில. அங்கதானே நெத்தி."

திரைக்கு மேலே, சரி நடுவில், தடிப்பாக ஒரு பொட்டு. அவர் யோசிக்காமல் ஒரு முடிவெடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு மாலைக் கோலுக்குக் காலையிலேயே லப்டொப்பை எழுப்பிவிட்டோம். அண்ணை வெள்ளைச் சேட்டும் சந்தனக்கீற்றுமாக அமர்ந்தார். நான் படத்தில் விழாமல் சுவரோடு ஒட்டி நின்றேன். திரையில் டென்மார்க் அக்கா தெரிந்தார், ரொறன்ரோ அண்ணன் தெரிந்தார், கத்தரிப்பூ நிறச் சேலையில் குமுதினியும் தெரிந்தார். அண்ணை மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

"தம்பி, நீ எங்க நிக்கிறாய்?" என்றார் அக்கா.

"இஞ்சதான் அக்கா, முன்னாலதான் இருக்கிறன்," என்றார் அண்ணை.

"மஞ்சளாப் புகை மாதிரி ஒண்டு தெரியுது. வீடு கீடு எரியுதோ?"

அண்ணை கிட்டப் போனார். மஞ்சள் கொஞ்சம் கறுத்தது. விலகினார். மஞ்சள் வெளுத்தது. ரொறன்ரோ அண்ணன் தொண்டையைச் செருமினார். கல்யாணப் புரோக்கர் அவருக்குக் காட்டியிருந்தது அண்ணையின் இருபத்தைந்து வயதுப் படம். ஏற்கனவே அவருக்குச் சந்தேகம்.

"எங்களுக்கு ஒளிவுமறைவு வேண்டாம். முகத்தில ஏதும் குறை எண்டா இப்பவே சொல்லுங்கோ."

"முகத்தில ஒண்டும் இல்லை."

"அதைத்தான் நானும் சொல்லுறன். ஒண்டும் தெரியேல்லை."

குமுதினி தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். தோள் குலுங்கியதைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் லண்டன் சம்பந்தம் ஒன்று கையில் இருக்கிறது, அதைப் பேசுவோம் என்று சொல்லி ரொறன்ரோ அண்ணன் கோலை வைத்துவிட்டார்.

"பிள்ளை எப்படி அண்ணை?" என்று கேட்டேன். வழக்கமான அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

"நல்ல பிள்ளை," என்றார்.

இந்த மனிதர் யோசிக்காமல் ஒன்றைச் சொல்கிறார் என்றால் விஷயம் மனசுக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். இப்போது ஒரு கிழட்டு லப்டொப்பால் இதுவும் கைவிட்டுப் போகப் போகிறது.

மறுநாளே அவரைப் பம்பலப்பிட்டிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே கொம்பியூட்டர் கடைகள் அடுக்கடுக்காக இருக்கும் கட்டடம் ஒன்று உண்டு. லப்டொப்பை அசைத்தால் செத்துவிடும் என்பதால் கொண்டுபோகவில்லை. நடக்க முடியாத நோயாளிக்கு வீட்டுக்காரர் போய் மருந்து கேட்பதுபோல அண்ணை அதன் குணங்குறிகளைச் சிங்களத்தில் சொன்னார். மூச்சு வாங்குகிறது, உடம்பு காய்கிறது, பார்வை மஞ்சளாகிவிட்டது.

"அய்யே, ஏக்க தெங் இவரய். அலுத் எக்கக் கன்ன," என்றார் கடைக்காரர். அதன் கதை முடிந்தது, புதிதாக ஒன்றை வாங்கச் சொல்கிறார்.

எதிர்க் கடைக்காரர் அதற்கு நேர்மாறு. உள்ளே இரண்டு சாமான் மாற்றினால் போதும், இன்னும் கனகாலம் ஓடும் என்று சத்தியம் செய்தார். இரண்டு கடைக்கும் நடுவில் நின்று அண்ணை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"யோசிப்பம்," என்றார்.

வாரம் முழுவதும் வேலை முடிந்து அங்கேதான் போனார். நாளாக நாளாக இரண்டு கடையிலும் அவருக்குக் கதிரை போட்டார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள். ஒரு நாள் கடைக்காரர் சாப்பிடப் போனபோது வந்தவர்களுக்கு இவரே விலை சொன்னாராம். வாங்கவில்லை, திருத்தவுமில்லை. சனிக்கிழமையும் வந்துவிட்டது.

அன்று பின்னேரம் அவர் லப்டொப்பை எழுப்பிவிட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணை, நாளைக்கு ஞாயிறு. என்னதான் செய்யப்போறியள்?"

"புதுசு வேண்டிப் பிழைச்சா? திருத்தக் குடுத்து அது திரும்பி வராட்டி?" என்றார். பிறகு மெதுவாக, "எனக்குப் பயமாக் கிடக்கு தம்பி," என்றார்.

இந்த மனிதர் இத்தனை காலமும் யோசித்துக்கொண்டிருக்கவில்லை, பயந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிரித்துச் சிரித்து அவருக்குப் பெயர் வைத்தவர்களில் நானும் ஒருவன். பாவமாக இருந்தது.

கீழே கேட் மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கார அன்ரி எங்கள் லப்டொப் கதையை யாருக்கோ சொல்லிக்கொண்டே படியேறி வந்தார். அவருக்குப் பின்னால், கையில் குடையோடு, குமுதினி.

அண்ணை எழும்பிய வேகத்தில் மேசை ஆடியது. அன்று பார்த்து லப்டொப் அணையவில்லை.

"டியூட்டி முடிஞ்சு வாறன்," என்றார் குமுதினி. "அண்ணா ரொறன்ரோவில இருந்து வந்து பாக்கேலாது. நான் பஸ்ஸில வரலாம்தானே. முகத்தில என்ன கிடக்கு எண்டு பாத்திட்டுப் போக வந்தனான்."

சொன்னபடியே பார்த்தார். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பது போல, அவசரமில்லாமல், கூசாமல். அண்ணையும் ஆடாமல் அசையாமல் நின்று காட்டினார்.

"முகம் நல்லாத்தானே கிடக்கு. அப்ப மஞ்சள் எங்கயிருந்து வந்தது?"

லப்டொப்பின் பக்கம் திரும்பினார். குனிந்தார். நிமிர்ந்து எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஏன் கமராவுக்குப் பொட்டு வச்சிருக்கிறியள்?"

அந்தப் பொட்டை நான் வாரம் முழுவதும் பார்த்தேன். அண்ணை அன்று பின்னேரம் முழுவதும் அதற்கு முன்னால்தான் இருந்தார். ஆனால் பூசை முடிந்த வீட்டில் சுவிட்சிலும் பொட்டு, கதவிலும் பொட்டு. எங்கள் கண்ணுக்குப் பொட்டு என்பது ஒரு பழுதாகத் தெரியவே இல்லை.

"அது நெத்தியெல்லோ பிள்ளை," என்றார் அன்ரி.

"நெத்தியில்லை அன்ரி, கண்."

குமுதினி கைலேஞ்சியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். பூசைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக விழ வேண்டும் என்று அன்ரி முணுமுணுத்தார். குமுதினி சரஸ்வதி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நோகாமல் துடைத்தார். கமராவைப் போட்டதும் திரை நிறைய அண்ணையின் முகம், வாயைத் திறந்தபடி.

"புதுசும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம்," என்றார் குமுதினி. "துடைச்சாக் காணும்."

குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"நாளைக்கு அண்ணாவுக்கு நான் என்ன சொல்லுறது?"

அண்ணையின் உதடு குவிவதைக் கண்டேன். என்ன சொல் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். சரஸ்வதி, பிள்ளையார், இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டேன்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ," என்றார் அண்ணை.

கல்யாண நாள், மண்டபம், சாப்பாடு எல்லாம் குமுதினிதான் முடிவு செய்தார். அதனால் கல்யாணம் நடந்தது. இப்போது அவர்கள் களுபோவிலையில் இருக்கிறார்கள். அந்த லப்டொப்பும் பால்மா டின்னும் சப்பாத்தும் கூடவே போய்விட்டன. அறையில் அந்த மேசை சும்மா கிடக்கிறது. நான் இன்னும் அதன் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

போன வாரம் என் லப்டொப்பும் மூச்சு வாங்கத் தொடங்கியது. அண்ணைக்குப் போன் எடுத்து, திருத்துவதா புதிது வாங்குவதா என்று கேட்டேன். பின்னால் குமுதினி அக்காவின் குரல்: "முதல்ல துடைச்சுப் பாக்கச் சொல்லுங்கோ." "யோசிப்பம் தம்பி," என்றார் அண்ணை.

என் லப்டொப்பில் துடைக்க ஒன்றும் இல்லை, புதிது வாங்குவதென்று முதல் நாளே தீர்மானித்துவிட்டேன். அந்தச் சொல்லைக் கேட்டுக் கனநாளாகிவிட்டது, அதுதான் எடுத்தேன்.