யோசனைராஜ் என்றொரு லீட்

முத்தையாபுரத்தில் சங்கு ஒன்று பேசுகிறதாம்! அதுவும் சும்மா பேசவில்லை. இன்சூரன்ஸ் பாலிசி எடுக்கத் துடித்துக்கொண்டிருக்கும் ஆட்களின் பெயரைச் சொல்கிறதாம். கடலுக்கடியில் கிடந்தபோது அதற்கு இன்சூரன்ஸ் பயிற்சி கொடுத்தது யார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டால் லீட் கிடைக்காதே!

லீட் என்றால் வேறொன்றுமில்லை. பாலிசி எடுக்கக்கூடிய ஒருவரின் பெயரும் போன் நம்பரும். புது ஏஜெண்டுக்கு அதுதான் சோறு, அதுதான் குழம்பு.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த ஊர்க் கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்தை மிஞ்சிய கூட்டம். டை கட்டியவர்கள், டை கட்டத் தெரியாமல் கழுத்தைக் கட்டிக்கொண்டவர்கள், காயல்பட்டினத்திலிருந்து ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேராக வந்தவர்கள். வண்டிகளை ஒழுங்குபடுத்தி விசில் ஊதியே வாசல் காவலாளி பவுலுக்குக் கன்னம் வீங்கியது. அவரை யார் பார்த்தார்கள்? எல்லாரும் எதிர்காலத்தைப் பார்க்க உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் பட்டு விரித்து அதன்மேல் சங்கு. பக்கத்தில் பெரிய தலைப்பாகையோடு ‘வலம்புரி’ ரங்கராஜ். “சங்குக்கு மதம் கிடையாது, சாதி கிடையாது. லீட்டுக்குக் காசும் கிடையாது!” என்று அவர் முழங்கினால் மண்டபம் அதிரும். பாலிசி விழுந்தால் மட்டும் கமிஷனில் பாதி சங்குக்குச் சேரவேண்டும். சங்குக்கு வங்கிக் கணக்கு இருந்தது. அது ரங்கராஜின் மனைவி வரலக்ஷ்மியின் பெயரில் இருந்தது. கடவுளின் கணக்கை மனிதர்கள்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்!

இந்தச் சங்கிடம்தான் விஷ்ணுப்ரியாவும் வந்து மாட்டினாள். தனியார் பள்ளி டீச்சர் வேலையை விட்டுவிட்டு ஏஜெண்ட் ஆனவள். மாத முடிவுக்குள் ஒரு பாலிசியாவது போடாவிட்டால் ஏஜென்சி ரத்து என்று கிளை மேனேஜர் சொல்லிவிட்டார். மாமனாரோ, பழைய பள்ளியில் இடம் காலியாக இருக்கிறதா என்று இப்போதே விசாரிக்கத் தொடங்கியிருந்தார். மருமகள் தோற்பாள் என்பதில் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை.

அவளும், கூடவே பயிற்சி எடுத்த நாசரேத்து ஜெபசுதாவும் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து, மக்ரூனைக் கொறித்தபடி இலவசங்களை எடைபோட்டார்கள்.

“ஆப்ல வார லீட்டு இலவசம்தான். ஆனா ஒரே ஆளை அஞ்சு பேருக்குக் குடுக்கான். நாம போன் பண்ணுததுக்குள்ள அந்த ஆளு நம்பரையே மாத்திருதான்,” என்றாள் ஜெபசுதா.

“ஜவுளிக்கடை பரிசுக் கூப்பன்ல எழுதிப் போட்ட நம்பரெல்லாம் தராங்களே, அது?”

“அதையும் பாத்தாச்சு. போன எடுத்ததும் ‘எனக்குப் பிரிட்ஜ் விழுந்திருக்கா?’ன்னு கேக்காங்க. இல்லன்னு சொன்னா ஏச்சு.”

“அப்ப சங்குதான் ஜெபா. நீகூடப் போனியே?”

“போனேன். என்னத்த நடக்குன்னு பாக்கத்தான் போனேன். எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. நீயும் போய்ப் பாரு.”

விஷ்ணுப்ரியா போனாள். அங்கே ஒரு சடங்கு உண்டு. அதற்குப் பெயர் ‘வித்து’. உங்கள்மேல் உயிரையே வைத்திருக்கும் பத்துப் பேரின் பெயரையும் நம்பரையும் சங்கின் வாயில் ரகசியமாகச் சொல்லவேண்டும். விதைத்தால்தானே விளையும்? அவள் ஸ்ரீவைகுண்டத்து அத்தையிலிருந்து ஆரம்பித்துப் பத்துப் பேரையும் ஓதினாள். காலையில் வித்து, இட்லி, வடை முடிந்ததும் விளைச்சல். ரங்கராஜ் சங்கைக் காதில் வைத்து, கண்ணை மூடி, ஒரு பெயரைச் சொல்வார். நம்பர் வாட்ஸப்பில் தானாக வந்து விழும். சங்குக்கு வாட்ஸப்பும் தெரியும்!

அவளுக்கு வந்த லீட், நாசரேத்து ஞானதீபம் டீச்சர். மறுநாள் ஆசையோடு போன் போட்டாள். எடுத்த எடுப்பிலேயே வெடித்தது.

“இதோட எட்டாவது போனு! சங்கு சொல்லிச்சாம்லா சங்கு! ஏளா, உன் குரலைக் கேட்டா எம்மவ ஜெபசுதா கூட்டாளி மாதிரில்லா இருக்கு?”

விஷ்ணுப்ரியா போனை வைத்தாள். உடனே மனதில் ஒன்று தைக்க, அத்தையைக் கூப்பிட்டாள். மாதக் கடைசியில் வேறு யாரும் கிடைக்காவிட்டாலும் அத்தை இருக்கிறாள் என்பதுதான் அவளுடைய ஒரே தைரியம்.

“நேத்தே ஒரு பிள்ளை வந்தாண்டி, கிங்ஸ்டன்னு பேரு,” என்றாள் அத்தை. “சங்கு அனுப்பிச்சதுன்னான். பெருமாள் கையில இருக்கிற சங்காச்சே! மறுப்பேனா? கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“அத்தை! நான் ஒருத்தி இருக்கேனே!”

“நீ எங்கிட்டக் கேக்கவே இல்லையேடி!”

உண்மைதான். அத்தையைக் கேட்பதற்கு முன்னால் சங்கைக் கேட்கப் போயிருந்தாள். அவள் அழுதே விட்டாள். தன் கையிலிருந்த ஒரே ஆளையும் தானே கொண்டுபோய் ஓதிக் கொடுத்த வயிற்றெரிச்சல் அது. இவள் ஓதிய அத்தை அவனுக்கு லீட், ஜெபசுதா ஓதிய அம்மா இவளுக்கு லீட். இலவச லீட் என்றால் எவ்வளவு எளிது பாருங்கள்! உங்கள் வீட்டுக் கோழியைப் பிடித்து எதிர்வீட்டுக்காரனுக்கு விருந்து வைப்பதுதான்.

அன்று மாலையே ரங்கராஜ் தன் சொந்த நம்பரிலிருந்து அழைத்து, பாலிசி விழுந்ததா என்று விசாரித்தார். விழவில்லை என்றதும் ஆரம்பித்தார். “வித்து பலவீனம்மா. அதான் உனக்கு விளையல. இன்னும் நெருக்கமா பத்துப் பேரு வேணும். பெத்த தாயை விட்டுட்டியே?”

நடந்ததையெல்லாம் கேட்ட ஜெபசுதா, கோபத்தில் மக்ரூனைத் தூளாக்கினாள். “எங்கம்மையவா வித்துப்போட்டான்? அந்த ஆளு எந்த நம்பர்ல கூப்பிட்டான்? அதைக் குடு.”

அடுத்த ஞாயிறு வித்துச் சடங்கில் முதல் ஆளாகப் போய் நின்றாள். சங்கின் வாயருகே குனிந்து, பக்தி சொட்டச் சொட்ட ஒரே ஒரு வித்து விதைத்தாள். “யோசனைராஜ். பெரிய உப்பளக்காரர். இன்சூரன்ஸ் போடத் துடிக்காரு.” அத்தோடு ஒரு போன் நம்பர்.

சங்குக்குள் ஒட்டியிருந்த மைக் அதைத் திரைக்குப் பின்னால் இருந்த மைத்துனன் ஹயக்ரீவனிடம் சேர்த்தது. உப்பளக்காரர் என்றதும் அவன் நாக்கில் எச்சில் ஊறியது. நம்பரைக் கேட்டும் சந்தேகம் வரவில்லை. அக்காள் புருஷன் நம்பரை இந்தக் காலத்தில் யார் மனப்பாடம் செய்கிறார்கள்? போனில் ‘அத்தான்’ என்றுதான் இருக்கும். இவ்வளவு பெரிய ஆளை ஒருவருக்கு மட்டும் கொடுக்க மனம் வராமல், மண்டபம் முழுவதற்கும் தட்டிவிட்டான்.

ரங்கராஜின் தலைப்பாகைக்குள் இருந்த இயர்போன் முணுமுணுத்தது. அவர் சங்கைக் காதில் வைத்து மெய்சிலிர்த்தார். “வாராரு! மகா லீட்டு வாராரு! உப்பள அதிபர் யோசனைராஜ்! முந்துனவங்களுக்கே யோகம்!” என்று சங்கைப் பட்டின்மேல் வைத்தார்.

கிங்ஸ்டன் முந்தினான். உடனே மண்டபத்தில் சங்கொலி எழுந்தது. பூம்... பூம்...

“சங்கு தானா ஊதுது!” என்று கூட்டம் கைகூப்பியது. ஒருவர் மேடையை நோக்கி விழுந்து கும்பிட்டார். கும்பிட்ட கையோடு அவரும் யோசனைராஜுக்குப் போன் போட்டார். பூம்... பூம்...

ஜெபசுதா நாற்காலிமேல் ஏறினாள். “ஏலே, கண்ணத் தொறந்து பாருங்கலே! ரிங் போகும்போதுதான் ஊதுது. சங்கு பட்டு மேல சும்மா கெடக்கு. சத்தம் அவரு இடுப்புல இருந்து வருது!”

எல்லாரும் ஒரே நேரத்தில் போன் போட, ரங்கராஜின் வேட்டி மடிப்பு விடாமல் ஊதியது. பதறிப்போய் போனை அமர்த்தப் போனவர், தவறிப் பச்சைப் பொத்தானைத் தொட்டுவிட்டார். மண்டபத்தின் மறுகோடியிலிருந்து கிங்ஸ்டன் பவ்யமாக, “வணக்கம் சார், யோசனைராஜ் சாரா? உங்க குடும்பத்தோட பாதுகாப்பைப் பத்தி ரெண்டு நிமிசம் பேசலாமா?” என்றான்.

மேடையில் ரங்கராஜின் போன் ஸ்பீக்கரிலிருந்து அதே குரல் எதிரொலித்தது.

“யோசனைராஜுன்னு ஒருத்தன் உலகத்துலயே கெடயாது. நான் காலைல சங்குல ஊதுன பேரு அது. ஊதுனதுதான் திரும்பி வருது. நம்ம சொந்தக்காரங்களத்தான் நமக்கே பங்கு வைக்கான்!” என்று கத்தினாள் ஜெபசுதா.

யாரோ சங்கைக் கவிழ்த்தார்கள். உள்ளேயிருந்து மைக் விழுந்தது. திரையை இழுத்தார்கள். ஹயக்ரீவன் வடையும் கையுமாக இருந்தான். ‘எங்க மாமா’, ‘எங்க சித்தி’ என்று கூச்சலிட்டபடி கூட்டம் மேடையேறியது. வரலக்ஷ்மி ஓடி வந்து விஷ்ணுப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எம்மா, அடி விழுறதுக்கு முன்னால இவருக்கு ஒரு பாலிசி போட முடியுமா?”

“முடியாது மாமி. வீடு எரியும்போது தீ விபத்துக்குப் பாலிசி தரமாட்டாங்க.”

ஊரையே இன்சூரன்ஸ் எடுக்கச் சொன்ன மகானுக்கு ஒரு பாலிசிகூடக் கிடையாது. சங்கு அவரிடம் சொல்லவே இல்லையாம்!

வெறுங்கையோடு வாசலுக்கு வந்தாள் விஷ்ணுப்ரியா. பவுல் அவளுடைய வண்டியை எடுத்துத் திருப்பி வைத்தார். கிளம்பப் போனவள் நின்றாள். ‘நீ கேக்கவே இல்லையேடி’ என்று அத்தை சொன்னது ஞாபகம் வந்தது.

“அண்ணாச்சி, உங்க வீட்ல யார் யார் இருக்காங்க? நீங்க ஏதும் பாலிசி போட்டிருக்கீங்களா?”

பவுல் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கும்மா. போடணும்னுதான் ரொம்ப நாளா நெனச்சிட்டிருக்கேன். வாரா வாரம் இவ்வளவு ஏஜெண்டு வாராங்க, போறாங்க. எல்லாரும் வண்டிச் சாவியத்தான் கேட்டாங்க. இத ஒருத்தரும் கேக்கல.”

அவளுடைய முதல் பாலிசி அங்கே, வண்டி சீட்டின் மேல் வைத்து எழுதப்பட்டது. மாமனார் வேறு மருமகளைத்தான் டீச்சராக்கவேண்டும்.

ரங்கராஜ் இப்போது ராமேஸ்வரம் பக்கம் ஏதோ ஒரு முத்தைப் பேசவைத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அங்கேயும் கூட்டமாம், அதுவும் இலவசமாம். போகிறவர்கள் போங்கள். போகுமுன் ஒரு நிமிடம் அந்த யோசனைராஜைக் கூப்பிட்டுப் பாருங்கள். அவர் உங்கள் தலைக்குள்தான் இருக்கிறார். அவர் எடுக்கவில்லை என்றால், உங்களுக்குச் சங்குதான்!