கொஞ்சம் அண்ணனிடம் எதைக் கேட்பது?

இன்டர்நெட் லைன் போவதற்கு முன்னால் எதையெல்லாம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒருவருக்கு எப்படித் தெரியும்? சில வருடங்களாக இதை யோசிக்கிறேன். இன்னும் விடை தெரியவில்லை. இந்த வாரம் அது அவசரமாகத் தேவைப்படுகிறது. எங்களோடு வேலை செய்த கொஞ்சம் அண்ணனை டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருத்துவமனையில் இனிமேல் செய்ய ஒன்றுமில்லையாம். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன். அதிகம் பேச முடியாது என்கிறார்கள்.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலேயே எதையும் முழுதாகக் கையில் எடுக்காத ஒரே மனிதர் அவர்தான். எதைக் கொடுத்தாலும் “கொஞ்சம் போதும்லா” என்பார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

ரவாங்கில் எங்கள் ஆபீஸுக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே சோறும் ஒரு கீரையும் மட்டும் வாங்கிக்கொண்டு போய் உட்காருவார். “கறி?” என்று கடைக்கார அக்கா கேட்டால், “அது இங்கயே இருக்கட்டும்க்கா, வேணும்னா வந்து எடுத்துக்கறேன்” என்பார். இரண்டு வாய் சாப்பிட்டதும் கறிக்கு எழுந்து வருவார். பிறகு ரசத்துக்கு. பிறகு அப்பளத்துக்கு. ஒருநாள் அக்கா கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்:

“ஏண்ணே, வயித்தையும் இங்கயே வச்சிட்டுப் போங்களேன். பசிச்சா வந்து எடுத்துக்கலாம்ல?”

அண்ணன் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார்.

இன்னொரு நாள் கொமுட்டர் ரயில் நிலையத்துக்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தார்.

“குடை இல்லையாண்ணே?”

“இருக்கே. ஆபீஸ்ல.”

“தொப்பலா நனையிறீங்களே!”

“இருக்குன்னு தெரியுதில்லம்மா. அது ஒரு தைரியம்லா.”

அவர் வேலை செய்த விதமும் இதேதான். நாங்கள் செம்பனை எண்ணெய் ஆலைகளில் லோரி நிறுக்கும் எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். இத்தனை வருடங்களில் எழுதிய எல்லாக் கோப்புகளும், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற முழு வரலாறும் ஆபீஸ் சர்வரில் ஒரே இடத்தில் இருக்கின்றன. அதை ரெப்போ என்போம். பூதம் மாதிரிப் பெரியது. முழுதாக இறக்கினால் ஒரு பகல் போய்விடும். மடிக்கணினியும் மூச்சு வாங்கும். இருந்தாலும் நாங்கள் எல்லோரும் முழுதாகத்தான் இறக்கி வைத்திருந்தோம்.

அண்ணன் மட்டும் பாதிப் பிரதி வைத்திருந்தார். கோப்புகளின் பெயர்கள் எல்லாம் அவரிடம் இருக்கும். வரலாறும் இருக்கும். உள்ளடக்கம் இருக்காது. ஒரு கோப்பைத் திறந்தால் அப்போதுதான் அது சர்வரிலிருந்து ஓடி வரும். வந்தது அவரிடமே தங்கிவிடும்; யாராவது அதை மாற்றினால் மறுபடி திறக்க வேண்டும். ஆபீஸில் இருக்கும்வரை இந்தக் குறை தெரியாது, எதைத் தொட்டாலும் வந்துவிடும். ஆனால் அவர் வீடு ராசா என்ற ஊருக்கு உள்ளே, செம்பனைக்கு நடுவில், பழைய தோட்டக் குடியிருப்பு லயத்தில். அங்கே லைன் கிடையாது. ஆபீஸில் திறக்காத கோப்பு வீட்டில் வெறும் பெயர்தான்.

“நாளைக்கு எது வேணும்னு இன்னிக்கே தெரியணும். அதுதான் இதுல உள்ள விளையாட்டு” என்பார்.

எனக்கு அந்த விளையாட்டு ஆகாது. நான் எதையும் விட்டுவிட்டுப் போக முடியாதவள். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு முறை திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பவள்.

நான் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது கோல சிலாங்கூர் பக்கம் ஓர் ஆலையில் எடைச்சீட்டு அச்சாகாமல் நின்றுவிட்டது. அண்ணனும் நானும் அவருடைய காரில் போனோம். எடைச்சீட்டு இல்லாமல் பழம் இறக்க விடமாட்டார்கள். வாசலிலிருந்து ரோடு வரைக்கும் லோரிகள். வெயிலில் பழக்குலைகள் வாடிக்கொண்டிருந்தன. அண்ணன் நிதானமாக மடிக்கணினியைத் திறந்தார். எடை போடும் பகுதி இருந்தது. கணக்குப் பகுதி இருந்தது. எடைச்சீட்டு அச்சடிக்கும் பகுதியைத் தட்டினார். கொண்டுவர முடியவில்லை என்று ஒரு வரி வந்தது; அங்கேயும் லைன் இல்லை. முந்தின நாள் அதைத் திறக்க மறந்திருக்கிறார்.

லோரிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். “என்னண்ணே, இருக்கா இல்லையா?”

“பேரு இருக்கு.”

“பேர வச்சுப் பழத்த எறக்கவா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். முழுப் பிரதி வைத்திருப்பவள் நான்தானே. ஆனால் என் பையில் சுடுதண்ணீர்க் குடுவை, மாத்திரைகள், இரண்டு மாற்றுத்துணி, பாய், போர்வை, எலுமிச்சம்பழம், கிளினிக் அட்டை எல்லாம் இருந்தன. இவற்றுக்கெல்லாம் இடம் செய்யத்தான் மடிக்கணினியை ஆபீஸிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அண்ணன் மடிக்கணினியை மூடாமலே கையில் எடுத்துக்கொண்டார். பக்கத்து லோரியின் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, பழக்குலைகளின் உச்சிக்குப் போனார். இடது கையில் மடிக்கணினி, தலைக்கு மேலே தூக்கிய வலது கையில் லைன் தேடும் போன். கீழேயிருந்து ஆளுக்கு ஆள் கத்தினார்கள்.

“இன்னும் அந்தப் பக்கம்ணே!”

“அங்க ஒரு கோடு வரும்!”

“முள்ளுண்ணே, முள்ளு! உக்காராதீங்க!”

உட்கார்ந்துவிட்டார். “ஐயோ” என்றார். அடுத்த நொடியே “வந்துருச்சு!” என்றார். அந்த ஒரு கோப்பு வந்துவிட்டது. கால்சட்டை பின்னால் கிழிந்து தொங்க இறங்கி வந்து, நின்றுகொண்டே பிழையைத் திருத்தினார். முதல் எடைச்சீட்டு அச்சானபோது லோரிகள் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன. வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது. வீடு திரும்பும்வரை அவர் காரை நின்றுகொண்டு ஓட்டாதது ஒன்றுதான் குறை.

அன்றிலிருந்துதான் தொல்லை ஆரம்பித்தது. தினமும் வீட்டுக்குக் கிளம்புமுன் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவார். “எல்லாத்தையும் ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்.” பிறகு அதே பழக்கத்தை மனிதர்களிடமும் கொண்டுவந்தார். ஒவ்வொரு மேசையாக வந்து நின்று ஒரு கேள்வி கேட்பார். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி? காருக்கு டயர் மாத்தினியா? என் மகள் பிறந்த பிறகு எனக்குத் தினம் ஒரு கேள்வி. பாப்பா தூங்குதா, குப்புற விழுந்துச்சா, பல்லு வந்துச்சா. பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று சிலர் கழிப்பறையில் ஒளிந்துகொள்வார்கள். அவர் வெளியே நின்று கதவைத் தட்டிக் கேட்பார்.

“நாளைக்குக் கேக்கலாம்லண்ணே?” என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன்.

“வீட்டுக்குப் போனதும் ஒங்க ஞாபகம்லாம் வருதும்மா. திறந்து பாத்தா ஒண்ணுமில்லாம வெறும் பேரா இருந்தா நல்லாவா இருக்கும்?”

மகளின் முதல் பிறந்தநாளுக்கு வெறுங்கையோடு வந்தார். அவளுக்குச் சப்பாத்து வாங்கிக் காசும் கட்டிவிட்டாராம். சப்பாத்து ரவாங் கடையிலேயே இருக்கிறதாம். “புள்ள காலு வளரும்லா. எந்த சைஸ் வேணுமோ அப்பப் போய் எடுத்துக்குங்க. சொல்லி வச்சிருக்கேன்.” வந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாங்கள் போகவில்லை. இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று நினைத்தேன். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கடை மூடியிருந்தது. கண்ணாடியில் கடை வாடகைக்கு என்று விளம்பரம் ஒட்டியிருந்தார்கள்.

நேற்று அவருடைய அக்காவிடம் போனில் பேசினேன். அக்கா வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்துதான் பேச முடியும்.

“காலையில மட்டும் கொஞ்சம் பேசுறான்மா. அப்புறம் கண்ண மூடிக்கிறான்.”

“பாப்பாவுக்கு இருமல்க்கா. அவரோட ஒடம்புக்கு ஆகுமோ என்னமோ. அடுத்த வாரம் வரட்டுமா?”

“இந்த வாரம் வந்துடும்மா” என்றார் அக்கா. பிறகு குரலை மாற்றிக்கொண்டு, “நீ வருவேன்னு அவன்கிட்ட சொன்னேன். வரச் சொல்லு, ஆனா வீட்டையே தூக்கிட்டு வரவேணாம்னு சொல்லுங்கிறான்” என்றார்.

சிரித்தேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றேன். அவரிடம் என் மகளின் எல்லாப் பற்களும் இருக்கின்றன. என்னிடம் அவரைப் பற்றி என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஓர் அக்கா இருக்கிறார். சின்ன வயதில் அம்பாங் பெச்சாவில் இருந்தார். ஏதோ ஒரு கல்யாணம் நின்றுபோனது. அவர் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கும் ஒரு பழைய சாவி. எல்லாம் தலைப்புகள். எதையும் நான் திறந்து பார்த்ததில்லை.

மகளைக் கணவரிடம் விட்டுவிட்டுப் போகிறேன். “ஒரு கைப்பை போதும், கேட்டியா?” என்கிறார் அவர். சரி என்றேன். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் எதைக் கேட்பது? சாவியையா, கல்யாணத்தையா? அல்லது ஒன்றும் கேட்காமல், அவர் எங்கள் மேசைக்கு மேசை வந்து நின்றதுபோல நானும் நின்று பார்த்துவிட்டு வந்தால் போதுமா?

இது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை கடந்திருக்கும். எனக்குக் கொஞ்சம்தான் கிடைத்திருக்கும். மீதியை என்ன செய்வது? பெயர் மட்டும் தெரிந்து, உள்ளே இருப்பது தெரியாமலே போன ஒருவரை நீங்கள் எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.